சிறு கம்பெனிப் பங்குகளும் விலைக்கோடும்



நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய குன்னத்துகாலில் ரப்பர்த் தோட்டம் வைத்திருக்கும் நம்மவர் ஒருவர், அண்மையில் தம் கைப்பேசியை என்னிடம் காட்டினார். ஒரு சிறு கம்பெனியின் பங்கு விலை அதில் கோடாக வரையப்பட்டிருந்தது. நெடுநாள் சரிந்து வந்த கோடு மூன்று நாளாக மேல்நோக்கியிருந்தது. “மகள் திருமணத்துக்கு வைத்திருக்கும் பணத்தில் இதை வாங்கலாமா?” என்று வினவினார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கின்றேன்.

ரப்பர் விலையை நாள்தோறும் பார்ப்பவர்க்கு இக்கலை புதிதன்று. விலை ஒருநாள் ஏறியதைக் கொண்டு, நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நாம் துணிவதில்லை அல்லவா? பங்கு விலையும் அத்தகையதே.

1889-ல் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ ஏட்டைத் தொடங்கியோருள் ஒருவர் சார்லஸ் டவ். அவருடைய தலையங்கங்களிலிருந்து உருவான கொள்கை எளியது. விலைக்கோட்டில் முகடுகளும் பள்ளங்களும் உண்டு. ஒவ்வொரு முகடும் ஒவ்வொரு பள்ளமும் முன்னையதைவிட உயர்ந்திருப்பின் அது ஏறுமுகம், தாழ்ந்திருப்பின் இறங்குமுகம். ஏறுமுகத்தில் புதிய முகடு பழைய முகட்டை எட்டாது திரும்பி, முந்தைய பள்ளத்துக்கும் கீழே விலை இறங்குமாயின், போக்கு மாறிற்று எனக் கொள்ளலாம். சரிவிலிருந்து மீள்வதற்கும் இதே அளவுகோல்தான், தலைகீழாகக் கொள்க.

ஒரு குறியீட்டின் ஏற்றத்தை மற்றொன்றும் உறுதிசெய்ய வேண்டும் என்பதும் அக்கொள்கையின் கூறு. 2018 ஜனவரியில் பம்பாய்ச் சந்தையின் சிறு கம்பெனிக் குறியீடு 20,000-ஐ எட்டிப் பின் சரிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் சென்செக்ஸ் முதன்முறையாக 38,000-ஐக் கடந்தபோதும், சிறு கம்பெனிக் குறியீடு தன் ஜனவரி உயரத்தைத் தொடவில்லை. சென்செக்ஸை மட்டும் நோக்கியோர் இவ்வெச்சரிக்கையைக் காணவில்லை. 2020 மார்ச்சில் அது 9,000-க்கும் கீழே வீழ்ந்தது. ஆயினும் அவ்வாண்டு வந்த கொள்ளைநோயை எந்தக் கோடும் முன்னறிவிக்கவில்லை. கோடு நடந்ததைக் காட்டுமேயன்றி, நடக்கப்போவதைச் சொல்லாது.

சந்தை மதிப்பின் வரிசையில் 251-ஆம் இடம் முதல் உள்ளவை சிறு கம்பெனிகள் என 2017-ல் செபி வகுத்தது. இவற்றுட் பலவற்றில் அன்றாட வாணிபம் சொற்பமே. ஆதலின் சிலர் கூடி வாங்கினாலே கோடு நிமிர்ந்துவிடும். விலைக்கோட்டின் அடியில் கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையும் காட்டப்படும். அது பெருகாமல் விலை மட்டும் ஏறினால் ஐயுறுக. முகமறியாதோர் ‘வாங்குக’ என்று செய்தி அனுப்பும் வேளையில் அது பெருகினால், இன்னும் அதிகமாக ஐயுறுக.

மற்றோர் அபாயமும் உண்டு. பல பங்குகளின் விலை ஒருநாளில் இவ்வளவுதான் இறங்கலாம் என்று வரம்பு விதிக்கப்பட்டுள்ளது. கீழ்வரம்பைத் தொட்டதும் வாங்குவோர் இரார். மாற்றத்தை உணர்ந்தாலும் விற்க இயலாது போகும்.

நம் அன்பருக்கு நான் கூறியது இதுவே: “மூன்று நாள் ஏற்றம் போதாது. அடுத்த பள்ளம் முன்னதைவிட உயரட்டும். பழைய முகட்டை விலை நல்ல வாணிபத்தோடு கடக்கட்டும். அப்போதும், இழந்தால் வீடு கலங்காத பணத்தையே இடுக. திருமணப் பணம் அத்தகையதன்று.”

அவர் கைப்பேசியைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். அப்பணம் இன்றும் வங்கியில்தான் இருக்கின்றது.