ஹார்வர்டிலும் இந்தப் பூனைதான் டீச்சர்! தெரியுமா?

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற கம்ப்யூட்டர் பாடம் ‘சிஎஸ்50’. அதில் மாணவர்கள் முதன்முதலில் எதைக் கற்கிறார்கள் தெரியுமா? நம் வீட்டு எட்டு வயது வாண்டுகள் விளையாடும் ஸ்கிராட்ச்! திரையில் ஓர் ஆரஞ்சு நிறப் பூனை, பக்கத்தில் வண்ண வண்ண பிளாக்குகள். மவுஸால் இழுத்து ஒன்றன் கீழ் ஒன்றாகப் பொருத்தினால் புரோகிராம் ரெடி. அடுத்த வாரமே அதே மாணவர்கள் சி மொழிக்குத் தாவிவிடுகிறார்கள்!

அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் 8 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்காக உருவாக்கி, 2007-ல் வெளியிட்டது ஸ்கிராட்ச். ஆனால், இதற்கு விதை விழுந்தது அதற்கும் 40 வருடங்களுக்கு முன்பே! வீட்டுக்குள் கம்ப்யூட்டர் வரும் என்று பெரும்பாலோர் நினைத்துக்கூடப் பார்க்காத 1967-ல், குழந்தைகளுக்கென்றே ‘லோகோ’ மொழியை உருவாக்கினார்கள் சீமோர் பேப்பர்ட்டும் சிந்தியா சாலமனும் அவர்களது சகாக்களும். அந்த பேப்பர்ட்டிடம் பாடம் படித்தவர்தான் ரெஸ்னிக்!

என்னைக் கேட்டால், இதில் நிஜமான அதிசயம் பிளாக்குகளின் வடிவம்தான். டைப் அடித்து கோடிங் எழுதும்போது ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனாலும் புரோகிராம் ஓடாது. எத்தனையோ பிள்ளைகள் ஆர்வம் இழப்பது அங்கேதான். ஸ்கிராட்ச்சில் ‘ஆமாவா, இல்லையா’ என்று சோதிக்கும் பிளாக்குகளுக்கு அறுகோண வடிவம். எண்களைத் தரும் பிளாக்குகளுக்கு முனை உருண்ட வடிவம். ‘இப்படி இருந்தால்’ என்ற பிளாக்கில் இருப்பது அறுகோணக் குழி. எண் பிளாக்கை அங்கே கொண்டுபோய்ப் பாருங்கள், உட்காரவே உட்காராது! இலக்கணப் பிழைக்கு வழியே இல்லை. யோசனையில் பிழை வரலாம். அதைக் கண்டுபிடிப்பதுதானே படிப்பு?

இன்னொன்று பாருங்கள். பேனா பிளாக்குகளைச் சேர்த்து, ‘100 அடி நகர், 90 டிகிரி திரும்பு’ என்பதை 4 முறை ஓடவிட்டால் சதுரம் வரும். அதையே 5 முறை ஆக்கி, 90-ஐ 144 என்று மாற்றுங்கள். ஐந்து முனை நட்சத்திரம்! ஏன் 144? ஐந்து திருப்பமும் சேர்ந்தால் 720 டிகிரி. பூனை சரியாக இரண்டு முழுச் சுற்று சுற்றியிருக்கிறது! ஜியோமெட்ரி என்றாலே ஓடும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும், ஏழு முனைக்கு எத்தனை டிகிரி என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

‘பிளாக் எல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்குத்தானே?’ இல்லவே இல்லை! பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள் படிக்கும் ‘ஸ்னாப்’ பிளாக் மொழிதான். கூகுள் 2010-ல் தொடங்கி, பிறகு எம்.ஐ.டி. கைக்குப் போன ‘ஆப் இன்வென்டர்’, பிளாக்குகளை வைத்தே நிஜமான ஆண்ட்ராய்டு ஆப் செய்ய வைக்கிறது. போனின் கேமரா, ஜிபிஎஸ் எல்லாம் பிள்ளையின் கைக்குள்! பிரிட்டனில் 2016-ல் பிபிசி சுமார் 10 லட்சம் மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த ‘மைக்ரோபிட்’ குட்டி கம்ப்யூட்டருக்கு ‘மேக்கோட்’ என்ற எடிட்டர் உண்டு. அதில் ஒரு பட்டனைத் தட்டினால், பிள்ளை அடுக்கிய அதே பிளாக்குகள் ஜாவாஸ்கிரிப்ட் வரிகளாக மாறி நிற்கும்!

கோடிங் வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டுவதற்கு முன், பெற்றோர்களே, ஒரு நிமிடம். ஸ்கிராட்ச், ஸ்னாப், ஆப் இன்வென்டர், மேக்கோட் நான்குமே முற்றிலும் இலவசம். ஸ்கிராட்ச்சை ஒருமுறை டவுன்லோட் செய்துவிட்டால் இன்டர்நெட்கூடத் தேவையில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையே பிள்ளையை உட்காரவைத்து அந்த நட்சத்திரத்தை வரையச் சொல்லுங்கள்.