வாவலும் நச்சுயிரியும்: தீங்கின்றி அறியும் நெறி

வாவல், வௌவால், துரிஞ்சில் எனப் பல பெயரிட்டு ஓர் உயிரினத்தை அழைத்த மொழி நம் மொழி. ‘வௌவால் வீட்டுக்கு வௌவால் விருந்து வந்தால், நீயும் தொங்கு, நானும் தொங்குகிறேன்’ என்று அதனை வைத்து நகையாடியவர்கள் நம் முன்னோர். அந்த நகைப்பு இன்று அச்சமாக மாறியிருக்கிறது. 2018ஆம் ஆண்டு மே மாதம் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களில் நிபா நோய் தோன்றி 17 உயிர்களைக் கவர்ந்தது. வைரஸ் எனப்படும் அந்நச்சுயிரியின் இயற்கை உறைவிடம் பழந்தின்னி வௌவால் என்று கேட்டதும், மரத்தை வெட்டுக, கூட்டத்தை விரட்டுக என்று மனம் பதறுவது இயல்பே. ஆயினும் வெட்டுமுன் அறிதல் வேண்டும். அவ்வுயிருக்கும் நமக்கும் ஊறு நேராவண்ணம் அதனை எவ்வாறு அறிவது? ஈண்டு அதனைக் காண்போம்.

தொடாமல் பெற்ற சான்று

நிபா என்னும் பெயர் மலேசியாவின் சுங்கை நிபா என்னும் சிற்றூரால் வந்தது. 1998, 1999ஆம் ஆண்டுகளில் அந்நாட்டில் 265 பேர் மூளைக்காய்ச்சலுற்றனர். அவருள் 105 பேர் மாண்டனர். நோயைப் பரப்பியவை பன்றிகள் எனத் தெரிந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. பன்றிகளுக்கு அந்நோய் எங்கிருந்து வந்தது என்பதே அடுத்த வினா.

நச்சுயிரியை 1999இல் கண்டறிந்த மருத்துவர் சுவா காவ் பிங், தம் குழுவினருடன் தியோமான் தீவில் விடை தேடினார். பழந்தின்னி வௌவால்கள் தங்கும் மரங்களின் கீழ் அவர்கள் பிளாஸ்டிக் விரிப்புகளைப் பரப்பினர். அவற்றில் வீழ்ந்த சிறுநீர்த் துளிகளைச் சேகரித்தனர். வௌவால் கடித்துப் போட்ட கனிகளையும் பஞ்சால் துடைத்தெடுத்தனர். சிறுநீரிலிருந்தும் கடித்த கனியிலிருந்தும் நிபா நச்சுயிரி உயிருடன் பிரித்தெடுக்கப்பட்டது. ஒரு வௌவாலையும் தொடாமல் பெற்ற சான்று அது. எளிய விரிப்பொன்று அரிய உண்மையை உணர்த்திற்று எனலாம்.

வலையும் கையுறையும்

எனினும் எந்த வௌவால் நோயேந்தியது, அதன் வயது என்ன, முன்பே நோயுற்று எதிர்ப்பாற்றல் பெற்றதா என்பனவற்றைச் சிறுநீர்த் துளி தனித்து உரைக்காது. அதற்கு வௌவாலைப் பிடித்தே ஆகவேண்டும்.

முதலில் வனத்துறையின் இசைவு பெறவேண்டும். பிடிப்பவர் அனைவரும் வெறிநாய்க்கடி நோய்க்குரிய தடுப்பூசியை முன்னதாகவே இட்டுக்கொள்வர். ஏனெனில் அந்நோயும் அதனை ஒத்த நோய்களும் வௌவாலின் கடியால் வரக்கூடும். உடல் முழுதும் மூடும் அங்கி, மூச்சுக்கவசம், கண் கவசம், தோற்கையுறை ஆகியன இன்றியமையாதவை. வௌவால் பறக்கும் வழியில் மெல்லிழை வலை கட்டப்படும். வலையைக் கட்டிவிட்டு அகலுதல் தகாது. சிக்கிய உயிர் துடித்துச் சிறகைக் கிழித்துக்கொள்ளுமாதலின் உடனே விடுவித்துத் துணிப்பையில் இடவேண்டும்.

பின்னர் எடை, முன்கையின் நீளம், பால், பருவம் ஆகியன குறிக்கப்படும். தொண்டையிலும் மலவாயிலும் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுப்பர். சிறகின் நரம்பிலிருந்து பெறும் குருதி உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கினை மிஞ்சலாகாது. நிறைசூல் கொண்டவற்றையும் குட்டியுடன் உள்ளவற்றையும் நெடுநேரம் வைத்திராமல் விடுத்தல் நன்று. எடுத்த மாதிரி உறைகுளிரில் காக்கப்பட்டு ஆய்வகம் செல்லும். வௌவால் அகப்பட்ட இடத்திலேயே வானில் விடப்படும். தப்பித்தவறிக் கடிபட்டால், சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, மருத்துவரை உடனே நாடவேண்டும்.

இக்கவசங்கள் நமக்காக மட்டும் அல்ல. நம்மிடமுள்ள நோய் வௌவாலைச் சென்றடையாமல் காப்பதும் அவற்றின் பணியே. கொரோனா பரவிய 2020இல் இந்த எண்ணத்தால் பல நாட்டு ஆய்வாளர்கள் வௌவாலைக் கையாளுதலை நிறுத்திவைத்தனர்.

கேரளத்தில் முதலில் எடுத்த விலங்கு மாதிரிகளில் நிபா காணப்படவில்லை. ஆய்வாளர்கள் சோர்ந்துவிடவில்லை. மேலும் பிடித்துச் சோதித்த 52 பழந்தின்னி வௌவால்களுள் 10இல் அதன் தடயம் புனேயிலுள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனத்தில் உறுதியாயிற்று. நோயாளிகளிடம் கண்ட நச்சுயிரியை அது மிக நெருங்கி ஒத்திருந்தது.

அழித்தலால் விளைந்த கேடு

இத்துணை இடர்ப்பாடு எதற்கு, கொன்றுவிட்டால் தீராதா என வினவுவோர்க்கு உகாண்டா நாடு விடை தருகிறது. அங்குக் கிடாக்கா சுரங்கத் தொழிலாளர்க்கு 2007இல் மார்பர்க் நோய் வந்தது. மறு ஆண்டு அங்கிருந்த வௌவால்கள் ஒழிக்கப்பட்டன. சில ஆண்டுகளில் புதியவை வந்து குடியேறின. 2012இல் சோதித்தபோது, நோயேந்தியவற்றின் விகிதம் முன்னையதைவிட இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்திருந்தது. அவ்வட்டாரத்தில் நோயும் மீண்டது.

நம் நாட்டின் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் பழந்தின்னி வௌவால்களைத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022இல் செய்த திருத்தம் அப்பட்டியலையே நீக்கிற்று. மகரந்தம் சேர்த்தும் விதை பரப்பியும் காட்டை வளர்க்கும் உயிருக்கு இது தகும்.

நாம் செய்யத்தக்கன சில. வௌவால் கடித்த கனியை உண்ணாதிருப்போம். வீழ்ந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடாதிருப்போம். அது தங்கும் மரத்தைக் கலைக்காதிருப்போம். பிடித்து ஆராய்ந்த உயிரையும் நீர் புகட்டி வானில் விடுகின்றனர் ஆய்வாளர்கள். தானும் கெடாது, அறியப்படும் உயிரையும் கெடுக்காது பெறும் அறிவே அறிவு என்பதனை அவர்தம் கையுறை அணிந்த கைகள் நமக்குக் கற்பிக்கின்றன.