90 கிலோமீட்டர் தானேன்னு நினைச்சா...

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, கிளாஸ்கோவில் எம்.எஸ்ஸி. படிக்கிற நம்ம டிபார்ட்மென்ட் சீனியர் ஒருத்தர் எனக்கு வாட்ஸ்அப்ல கால் பண்ணார். "தம்பி, செகண்ட் ஹேண்ட்ல ஒரு ரோட் சைக்கிள் வாங்கிட்டேன். நாளைக்கு பிட்லாக்ரி வரைக்கும் ட்ரெயின்ல போய், அங்கிருந்து ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வரலாம்னு இருக்கேன். எனக்கு அசைன்மென்ட் இருக்கு, நீ ஒரு ரூட் போட்டுக் குடேன்."

நான் மேப்பைத் திறந்து பத்தே நிமிஷத்துல ஒரு வட்டம் போட்டு அனுப்பிட்டேன். "மொத்தம் சுமார் 90 கிலோமீட்டர்ணா. நடுவுல ஒரே ஒரு மலை. ஈசி."

அடுத்த நாள் அவர் எந்த நிலைமையில் திரும்பி வந்தார்னு பின்னாடி சொல்றேன். அந்த "ஈசி"ங்கிற வார்த்தைக்குப் பரிகாரமாத்தான் இந்தக் கட்டுரையை எழுதுறேன்னு வெச்சுக்கோங்க. ஏன்னா நான் மூணாவது செமஸ்டர்ல சர்வே லேப் முடிச்ச சிவில் மாணவன். கான்டூர் ஷீட் வரைஞ்சு மார்க்கும் வாங்கியிருக்கேன். ஆனா ஒரு நிஜ மலையில ஒரு நிஜ மனுஷனை ஏத்திவிடும்போது அந்தக் கோடுகளை நான் பார்க்கவே இல்லை. இதுல பெரிய கிண்டல் என்னன்னா, நான் அவரை அனுப்பினது கான்டூர் கோட்டின் கதையில வர்ற அதே மலைக்கு.

முதல்ல ரூட்டைச் சொல்லிடறேன். பிட்லாக்ரி ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் பகுதியில இருக்கிற சின்ன ஊர். கிளாஸ்கோ, எடின்பரோ ரெண்டு இடத்திலிருந்தும் ரயில்ல போகலாம். ஊரை ஒட்டியே ஒரு அணை இருக்கு. நீர்மின்சாரத்துக்காக டம்மல் ஆற்றை மறிச்சுக் கட்டினது. கடல்ல இருந்து முட்டையிட மேலே வர்ற சால்மன் மீன்கள் அணையைத் தாண்டிப் போகணுமே, அதுக்காக 34 தொட்டிகளை 310 மீட்டர் நீளத்துக்குப் படிப்படியா இணைச்சு ஒரு மீன் ஏணி வெச்சிருக்காங்க. சைக்கிள்ல கிளம்புறதுக்கு முன்னாடியே இறங்கிப் பார்க்க வேண்டிய விஷயம்.

அங்கிருந்து மேற்கே திரும்பி, லாக் டம்மல் ஏரியின் வடகரையோட ரோடு போகும். ('லாக்'னா அவங்க மொழியில ஏரி.) மரங்களுக்கு நடுவுல ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். வழியில குவீன்ஸ் வியூன்னு ஒரு இடம். 1866ல விக்டோரியா ராணி இங்கே வந்தப்போ, தன் பேரைத்தான் வெச்சிருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டாராம். உண்மையில அது பல நூற்றாண்டுக்கு முன்னாடி வாழ்ந்த இசபெல்லா ராணியின் பேர்னு உள்ளூர்ல சொல்றாங்க. இன்னொண்ணு, அணைத் திட்டத்துக்குப் பிறகு ஏரியோட நீர்மட்டமே உயர்ந்துடுச்சு. அதனால விக்டோரியா பார்த்த காட்சி வேற, இன்னைக்கு நாம பார்க்கிறது வேற.

டம்மல் பிரிட்ஜ் ஊர்ல 1933ல திறந்த மின் நிலையம் ஒண்ணு இருக்கு. அதைத் தாண்டி கின்லாக் ரான்னாக். இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. இதுவரைக்கும் சுமார் 33 கிலோமீட்டர் ஆகியிருக்கும். தண்ணி, சாப்பாடு எல்லாம் இங்கேயே வாங்கிடணும். இதுக்கப்புறம் ஆபர்ஃபெல்டி வர்ற வரைக்கும் கடையை நம்பக் கூடாது.

ஊரைத் தாண்டி ஆற்றின் தெற்குப் பக்கம் வந்தா மலை ரோடு ஆரம்பம். வலது பக்கம் நிக்கிறதுதான் ஷிஹாலியன், 1,083 மீட்டர். பேருக்கு கேலிக் மொழியில 'கலிடோனியர்களின் தேவதை மலை'னு அர்த்தம். மேற்கே ரான்னாக் ஏரிப் பக்கத்துல இருந்து பார்த்தா அச்சு எடுத்த கூம்பு மாதிரி இருக்கும். ஆனா பக்கவாட்டுல வந்து பார்த்தா, கிழக்கு மேற்கா நீண்டு படுத்திருக்கிற ஒரு முகடு. இந்த வடிவம்தான் கதையையே உருவாக்கினது.

1774ல, இங்கிலாந்தின் அரசு வானியலாளர் நெவில் மாஸ்கலின் இந்த மலையில வந்து தங்கினார். அவர் கையில இருந்த கேள்வி: பூமியோட எடை என்ன? யோசனை நியூட்டனோடது. ஒரு பெரிய மலைக்குப் பக்கத்துல தூக்குக்குண்டைத் தொங்கவிட்டா, மலையும் அதைக் கொஞ்சம் தன் பக்கம் இழுக்கணும் இல்லையா? ஆனா அந்த இழுப்பு அளக்க முடியாத அளவுக்குச் சின்னதா இருக்கும்னு நியூட்டனே விட்டுட்டார். மாஸ்கலின் விடலை. மலையின் வடக்குச் சரிவுல ஒண்ணு, தெற்குச் சரிவுல ஒண்ணுன்னு ரெண்டு இடத்துல குடில் போட்டு, நேர் தலைக்கு மேலே போற நட்சத்திரங்களை அளந்தார். மழை, மூடுபனின்னு மாசக்கணக்கா இழுத்துச்சு.

நட்சத்திரத்தை ஏன் அளக்கணும்? 'நேர் மேலே'ங்கிறதை முடிவு பண்றதே தூக்குக்குண்டுதான். அது சாய்ஞ்சா, உங்க 'நேர் மேலே'யும் சாயும். நட்சத்திரத்தை வெச்சுப் பார்த்தா ரெண்டு குடிலுக்கும் நடுவுல ஒரு அட்சரேகை வித்தியாசம் வரும். தரையில சர்வே பண்ணி அளந்தா இன்னொரு வித்தியாசம் வரும். ரெண்டுக்கும் இடையில விழுந்த இடைவெளி 11.6 ஆர்க் செகண்ட். ஒரு டிகிரியை 3,600ஆ வெட்டினா கிடைக்கிறது ஒரு ஆர்க் செகண்ட். அதாவது, 10 மீட்டர் நூல்ல குண்டைக் கட்டினா, ஒரு பக்கத்துல அது 0.3 மில்லிமீட்டர்கூட நகராது. அதைத்தான் அந்த மழையில உட்கார்ந்து அளந்திருக்கார் மனுஷன்.

கடைசி நாள் விருந்துல வடக்குக் குடில் தீப்பிடிச்சு எரிஞ்சு, சமையல் வேலை பார்த்த உள்ளூர்ப் பையனோட ஃபிடிலும் அதுல போயிடுச்சாம். மாஸ்கலின் ஊருக்குப் போய் அவனுக்கு வேற ஃபிடில் அனுப்பிவெச்சார்னு ஒரு கதை. எனக்கு அந்த 11.6ஐ விட இதுதான் சட்டுனு ஞாபகம் நிக்குது.

சரி, மலை எவ்வளவு இழுக்குதுன்னு தெரிஞ்சாச்சு. ஆனா மலையோட எடை தெரிஞ்சாத்தானே பூமியோட எடைக்குப் போக முடியும்? அந்த வேலை சார்ல்ஸ் ஹட்டன்கிட்ட வந்தது. நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியோட மகன், கணக்கு வாத்தியாரா உயர்ந்தவர். அவர் மேஜையில குவிஞ்சது ஏகப்பட்ட புள்ளிகள், ஒவ்வொண்ணுக்கும் ஒரு உயரம். வெறும் எண் கூட்டம், கண்ணுக்கு ஒண்ணுமே தெரியலை. அப்போ ஒரே உயரமுள்ள புள்ளிகளை பென்சிலால இணைச்சுப் பார்த்தார். மலை தெரிஞ்சுடுச்சு.

அதுதான் கான்டூர். (சம உயரக் கோடுன்னு தமிழ்ல அழகா ஒரு பேர் இருக்குன்னு இந்தக் கட்டுரை எழுதும்போதுதான் எனக்குத் தெரிஞ்சுது.) கடல் ஆழத்தைக் காட்ட இப்படிக் கோடு போடுறது அவருக்கு முன்னாடியே உண்டு, அதனால முழு உரிமையும் அவருக்கே கொடுக்க முடியாது. ஆனா ஒரு நிஜ மலையை அளந்து, அந்த அளவுகளைக் கோடா மாத்தி, அந்தக் கோட்டை வெச்சு மலையைச் சின்னச் சின்னத் தூண்களா வெட்டி, ஒவ்வொரு தூணோட இழுப்பையும் தனித்தனியா கூட்டினது ஹட்டன்தான். நாம சாஃப்ட்வேர்ல மெஷ் போடுறோமே, அதை அவர் கையால போட்டிருக்கார். 1778ல விடை வந்தது: பூமியின் அடர்த்தி, மலையின் அடர்த்தியைப் போல ஒன்பதுக்கு ஐந்து மடங்கு. மலை தண்ணியை விட 2.5 மடங்கு கனம்னு வெச்சுக்கிட்டா பூமி 4.5 மடங்கு. இன்னைய கணக்கு சுமார் 5.5. தூக்குக்குண்டையும் பென்சிலையும் வெச்சு 20 சதவீதப் பிழைக்குள்ள வந்துட்டார். ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் 1775லயே மாஸ்கலினுக்குப் போயிடுச்சு. கணக்குப் போட்டவருக்கு அந்த மேடையில இடமில்லை. குரூப் புராஜெக்ட்னாலே அப்படித்தான் போல.

இப்போ சைக்கிளுக்கு வருவோம். பிரிட்டனின் ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடுற 1:50,000 மேப்புல 2 சென்டிமீட்டர் நிலத்துல 1 கிலோமீட்டர். கான்டூர் 10 மீட்டருக்கு ஒண்ணு. உங்க ரோடு 2 மில்லிமீட்டருக்கு ஒரு கோட்டை வெட்டுதுன்னா, 100 மீட்டர் ஓட்டத்துல 10 மீட்டர் ஏறுறீங்க, 10 சதவீத மேடு. 4 மில்லிமீட்டருக்கு ஒண்ணுன்னா 5 சதவீதம், மூச்சு வாங்கினாலும் ஓட்டலாம். ரோட்டு மேலேயே ஒரு அம்புக்குறி இருந்தா மேடு ஏழுக்கு ஒண்ணுலிருந்து ஐந்துக்கு ஒண்ணு வரைக்கும். ரெட்டை அம்புன்னா அதையும் தாண்டி. அம்பு இறக்கத்தைக் காட்டும், ஏற்றத்தை இல்லை. மாத்திப் புரிஞ்சுக்கிட்டா தீர்ந்தது.

10 சதவீதம்னா உடம்புக்கு என்ன? ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோன்னு வைங்க. 100 மீட்டர் உயரம் தூக்க எம்.ஜி.எச். சுமார் 78,500 ஜூல். பழக்கமில்லாத ஒருத்தர் தொடர்ந்து 150 வாட் கொடுத்தாலே பெரிய விஷயம். அப்படிக் கொடுத்தா கிட்டத்தட்ட 9 நிமிஷம். 10 சதவீத மேட்டுல வேகம் மணிக்கு 7 கிலோமீட்டர்கூட வராது. இதுல காத்து, டயர் உராய்வு எதையும் சேர்க்கலை. அந்த வேகத்துல மிதிக்கக் குட்டி கியர் வேணும். பழைய ரோட் சைக்கிள் பலதுல அது இருக்காது.

நான் பண்ணின தப்பு இங்கேதான். கின்லாக் ரான்னாக் சுமார் 200 மீட்டர் உயரம். மலை ஏறுறவங்க வண்டி நிறுத்துற பிரேஸ் ஆஃப் ஃபாஸ் சுமார் 330. வித்தியாசத்தைத் தூரத்தால வகுத்தா ரொம்பச் சாதாரணமான சராசரி வரும், அதைப் பார்த்துத்தான் "ஈசி"ன்னேன். பீம் டிசைன் பண்ணும்போது சராசரி லோடை வெச்சா டிசைன் பண்ணுவோம்? எங்கே அதிகமா வருதோ அதைத்தானே பார்ப்போம். ரோடு ஒரே சீரா ஏறாது. செங்குத்தா கொஞ்ச தூரம், அப்புறம் மட்டம், கொஞ்சம் இறக்கம்கூட. இறங்கினதையெல்லாம் மறுபடி ஏறணும். அந்தக் கணக்கு ரெண்டு முனையின் உயரத்துல தெரியவே தெரியாது. கோடுகளை ஒவ்வொண்ணா எண்ணினாத்தான் தெரியும்.

அண்ணா அந்த மேட்டுல பாதி வழியில இறங்கித் தள்ளினாராம். அது பரவாயில்லை. ஆனா அவர் போட்டிருந்தது காட்டன் ஹூடி. மழை பிடிச்சுது. ஏறும்போது வேர்வையும் மழையும் சேர்ந்து தொப்பலா நனைஞ்சிருக்கு, மிதிச்ச சூட்டுல குளிர் தெரியலை. பிரச்சினை இறக்கத்துல. இறங்கும்போது உடம்பு வேலை செய்யாது, சூடு வராது. எதிர்க்காத்து ஈரத் துணியில இருந்து இருக்கிற சூட்டையும் உறிஞ்சும். மலையைத் தாண்டி காஷிவில் பக்கம் இறங்குற ரோடு, 1730கள்ல ஜெனரல் வேட் ராணுவத்துக்காகப் போட்ட பாதையை ஒட்டிப் போறது, நல்ல நீளமான இறக்கம். "விரல் மரத்துப்போச்சுடா. பிரேக்கை அழுத்துறேனா இல்லையான்னே தெரியலை"ன்னார். ஆபர்ஃபெல்டி வந்து ஒரு டீக்கடையில ஒரு மணி நேரம் நடுங்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கார். அங்கிருந்து எனக்கு வந்த மெசேஜ்: "இங்க ரயில்வே ஸ்டேஷன் எங்கடா?"

கிடையாது. அந்த ரயில் பாதையை 1965லயே மூடிட்டாங்க. அதையும் நான் பார்க்கலை. மிச்சம் 23 கிலோமீட்டர் அவர் ஓட்டித்தான் ஆகணும், ஓட்டினார். ராத்திரி ரூமுக்குப் போய்ச் சேர்ந்துட்டேன்னு மெசேஜ் வர்ற வரைக்கும் நான் தூங்கலை.

அவர் திட்டவே இல்லைங்கிறதுதான் கஷ்டம். "வியூ செமடா, இன்னொரு தடவை போகணும்"னார்.

இந்த மே மாசம் போறார். இந்தத் தடவை மேப்பை ஏ3ல பிரின்ட் போட்டு, ஸ்கேல் வெச்சு ஒவ்வொரு கான்டூர் வெட்டையும் நான் குறிச்சிருக்கேன். மலை ரோட்டில் மட்டும் மூணு இடத்துல சிவப்பு மை. பின்னாடி சக்கரத்துக்குப் பெரிய பல்சக்கரம் மாத்திட்டார். ஹூடிக்குப் பதிலா காத்துப் புகாத மழைக்கோட்டு, பையில காய்ஞ்ச கையுறை ஒரு ஜோடி, அதை உச்சியில நின்னு போட்டுக்கிட்டுத்தான் இறங்கணும்னு சொல்லியிருக்கேன். ஒத்தை வழி ரோட்டுல எதிர்ல கார் வந்தா ஒதுங்கி நிக்கிற இடங்கள் இருக்கும், நம்ம ஊர் மாதிரியே இடது பக்கம்தான். நேரம் இருந்தா ஃபார்ட்டிங்கால் கிராமத்துக்குள்ள திரும்பி, ஆயிரக்கணக்கான வருஷம் பழசுன்னு சொல்ற அந்த யூ மரத்தையும் பார்க்கச் சொல்லியிருக்கேன்.

பிரேஸ் ஆஃப் ஃபாஸ்ல மாஸ்கலின் சோதனைக்கு ஒரு நினைவுக் கல் இருக்கு. அதுக்கு முன்னாடி சைக்கிளை நிறுத்தி போட்டோ எடுத்து அனுப்பணும், அதுதான் ரூட் போட்டதுக்கு என் கூலி.