வாடகை வீடும் காஸ் அடுப்பும்: பொறுப்பு யாருடையது?

ஊரில் எமது குசினி வீட்டிலிருந்து சற்று விலகி நின்றது. கூரைக்கும் சுவருக்கும் இடையே காற்று தாராளமாக ஓடியது. விறகோ பனைமட்டையோ எரிந்தது. ஏதும் பிழைத்தால் புகையே முதலில் சொல்லிவிடும்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகைக்கு இருக்கும் எம்மிற் பலரின் நிலை வேறு. ஓர் அறை, அதன் மூலையில் ஒரு மேசை, மேசைமேல் காஸ் அடுப்பு, அதிலிருந்து நாலடி தள்ளிப் பிள்ளைகளின் படுக்கை. யன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். இந்த அடுப்பில் பழுது வந்தால் திருத்த வேண்டியவர் யார்? வீட்டுக்காரரா, நாமா? இதைத் தெரிந்துகொள்ளாமலே பலர் முற்பணத்தைக் கொடுத்துவிடுகின்றோம். இக்கட்டுரையில் அதனையே விளக்க முயல்கின்றோம்.

காஸின் குணம்

சமையல் காஸ் என்பது புறொப்பேன், பியூட்டேன் ஆகிய இரண்டின் கலவையாகும். சிலிண்டருக்குள் அழுத்தத்தினால் திரவமாக இருக்கும். வெளியே வந்தால் ஒரு லீற்றர் திரவம் ஏறத்தாழ 250 லீற்றர் வாயுவாக விரியும். இயல்பில் இதற்கு மணமில்லை. கசிவை நாம் அறிவதற்காகவே மேர்காப்டன் என்னும் நாற்றப்பொருளைச் சேர்க்கின்றார்கள்.

இந்த வாயு காற்றிலும் பாரமானது. மடை திறந்த தண்ணீர் வயலில் பள்ளம் தேடி ஓடுவதுபோல, கசிந்த காஸ் தரையோடு பரவி, கட்டிலின் கீழும் அலுமாரியின் அடியிலும் தங்கிவிடும். எனவே உயரத்தில் இருக்கும் சிறு யன்னல் மட்டும் போதாது. தரைமட்டத்திலும் காற்றுப் போக வழி வேண்டும். அறைக் காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்களவு காஸ் கலந்தாலே ஒரு பொறி போதும், தீப்பற்றிவிடும்.

2021 இல் நடந்தவை

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் நூற்றுக்கணக்கான காஸ் விபத்துகள் பதிவாகின. அடுப்புகள் வெடித்தன, குழாய்களிலும் றெகுலேற்றர்களிலும் கசிவு கண்டது. உயிர்களும் பறிபோயின. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பலகே தலைமையில் ஜனாதிபதி நியமித்த குழு இவற்றை ஆராய்ந்தது. சிலிண்டரில் புறொப்பேனின் பங்கு கூட்டப்பட்டதே முக்கிய காரணம் என்று அக்குழு கண்டது. புறொப்பேன் கூடினால் சிலிண்டரின் உள் அழுத்தமும் கூடும். பழைய குழாயும் தேய்ந்த இணைப்பும் அதனைத் தாங்கமாட்டா.

சிலிண்டரும் அதனுள் இருக்கும் காஸும் விற்பவரின் பொறுப்பு என்பதை இவ்விடயம் தெளிவாக்கியது. அதில் குறை கண்டால் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்னும் இலக்கத்தில் முறையிடலாம். ஆனால் சிலிண்டர் வந்து நிற்கும் வீடு யாருடையது? அடுத்த கேள்வி அதுவே.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்தில் 1998ஆம் ஆண்டின் காஸ் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் இதனை நேரடியாகவே கூறுகின்றன. வாடகைக்கு விடுபவர், தாம் பொருத்திக் கொடுத்த காஸ் சாதனங்களையும் குழாய்களையும் பதிவுபெற்ற தொழில்நுட்பவியலாளரைக் கொண்டு ஆண்டுக்கொரு முறை பரிசோதிக்க வேண்டும். அந்தப் பத்திரத்தின் பிரதியை 28 நாட்களுக்குள் குடியிருப்போருக்குக் கொடுக்க வேண்டும். புதிதாக வருபவருக்குக் குடிபுகுமுன்பே கொடுக்க வேண்டும். இலண்டனில் வாடகைக்கு இருக்கும் எமது உறவினரிடம் கேட்டால் அந்தப் பத்திரத்தைப் பற்றிச் சொல்வார்கள்.

எமது நாட்டில் வீட்டுக்காரர் மீது இத்தகைய வருடாந்தப் பரிசோதனைக் கடமை விதிக்கப்படவில்லை. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் பெரும்பாலும் வாடகைத் தொகையையும் வெளியேற்றுதலையும் பற்றியது. புதிதாகக் கட்டப்பட்ட பல மாடி வீடுகள் அதன் பாதுகாப்புக்குள் வருவதுமில்லை.

அப்படியானால் வீட்டுக்காரருக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, வாடகைக்கு விடுபவர் எந்த நோக்கத்திற்காக இடத்தைக் கொடுக்கின்றாரோ அதற்கு உகந்த நிலையில் அதனைக் கொடுக்க வேண்டும், அந்நிலையில் பேணவும் வேண்டும். சமைத்து வாழ்வதற்கென்று கொடுத்த இடத்தில் சமைப்பது ஆபத்தென்றால் அவர் கடமை நிறைவேறவில்லை. பழுதை அறிவித்தும் அவர் பாராமல் விட்டு, அதனால் ஒருவர் காயமடைந்தால், கவனயீனத்தை நிரூபித்து நட்டஈடு கோரலாம். கவனயீனத்தால் உயிர் போனால் அது தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின் கீழ் குற்றமுமாகும்.

எது அவருடையது, எது எம்முடையது?

ஒரு எளிய அளவுகோலைச் சொல்லலாம். வீட்டோடு சேர்ந்தவை வீட்டுக்காரரின் பொறுப்பு. சுவரில் பதித்த காஸ் குழாய், அவர் கொடுத்த அடுப்பு, யன்னல், காற்றுவழி, மின் இணைப்பு ஆகியவை இதில் அடங்கும். நாம் கொண்டுவந்த அடுப்பு, றெகுலேற்றர், இறப்பர்க் குழாய் ஆகியவை எமது பொறுப்பு. அவர் வீட்டை நாம் கவனயீனமாகப் பாவித்துச் சேதம் வந்தால் நாமும் பதில் சொல்ல வேண்டும்.

பல்கனியை அடைத்து அறையாக்கி வாடகைக்கு விடுவதும் நகரில் நடக்கின்றது. மாநகர சபையின் அனுமதியின்றிக் கட்டடத்தை மாற்றுவது சட்டத்திற்கு முரணானது. காற்றில்லாத அத்தகைய அறையில் காஸ் அடுப்பு வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

முற்பணம் கொடுக்குமுன்

1. சிலிண்டரை எங்கே வைப்பது என்று கேளுங்கள். அது நிமிர்ந்து நிற்க வேண்டும். கட்டிலின் கீழோ மூடிய அலுமாரிக்குள்ளோ வைக்கக் கூடாது. அடுப்பு அதனிலும் உயரமாக இருக்க வேண்டும்.

2. வீட்டுக்காரரின் அடுப்பென்றால், இணைப்புகளில் சவர்க்கார நுரையைப் பூசிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு உண்டு. நெருப்புக்குச்சி கொளுத்தி ஒருபோதும் பார்க்க வேண்டாம்.

3. எந்தப் பழுதை யார் திருத்துவது என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்திற்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். வெறுந்தாளில் எழுதிய இரண்டு வருட ஒப்பந்தம் சட்டத்தின் முன் அந்த இரண்டு வருடங்களையும் உறுதி செய்யாது.

4. வாடகைக்கும் முற்பணத்திற்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வேறு பத்திரம் இல்லாதபோது நாம் குடியிருப்பாளர் என்பதற்கு அதுவே சான்று.

பழுது கண்டால்

வாய்ப்பேச்சோடு நிறுத்தாதீர்கள். கீழ்க்கண்டவாறு எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் படத்துடன் செய்தி அனுப்பினாலும் அதனை அழிக்க வேண்டாம்.

"மதிப்புக்குரிய ஐயா, தங்கள் வீட்டில் நான் வாடகைக்கு இருக்கும் பகுதியில், தாங்கள் தந்த காஸ் அடுப்பின் இணைப்பில் கசிவு இருப்பதை இன்று கண்டேன். பாவனையை நிறுத்தியுள்ளேன். வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பதால் ஏழு நாட்களுக்குள் தகுதியானவரைக் கொண்டு திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கின்றேன்." கீழே திகதியும் கையொப்பமும் இடுங்கள்.

பதில் இல்லையென்றால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கு கட்டணமும் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. வருமானம் குறைந்தோருக்கு சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக ஆலோசனை வழங்குகின்றது. அதன் தலைமை அலுவலகம் புதுக்கடையில் உள்ளது. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஆலோசனை பெறாமல் வாடகையை நிறுத்தாதீர்கள். நிலுவை வாடகையே எம்மை வெளியேற்றக் காரணமாகிவிடும்.

"கேட்டால் எழும்பு என்பார்களே" என்ற பயம் எமக்குத் தெரியும். 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளிலிருந்து தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டதை யாரும் மறக்கவில்லை. ஆனால் மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து நிறுத்தியது என்பதையும் நினைவில் வைப்போம். குடியிருப்பவரை நீதிமன்றக் கட்டளையின்றி வீட்டுக்காரர் தாமாகவே வெளியே தள்ள முடியாது. பூட்டை மாற்றவோ தண்ணீரை நிறுத்தவோ அவருக்கு உரிமையில்லை.

காஸ் மணத்தால்

றெகுலேற்றரை மூடுங்கள். கதவு யன்னல்களைத் திறந்துவிடுங்கள். மின்விளக்கைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சுவிச்சில் எழும் சிறு பொறியே போதும். பிள்ளைகளையும் முதியவர்களையும் வெளியே கொண்டுபோங்கள். வெளியே நின்றுதான் தொலைபேசி எடுக்க வேண்டும். தீயணைப்புப் படையின் இலக்கம் 110, அம்புலன்ஸ் 1990.

இரவில் படுக்குமுன் றெகுலேற்றரை மூடுவதை ஊரில் படலை சாத்துவதுபோல் வழக்கமாக்கிக்கொள்வோம். அது எமது கடமை. சமைத்து உறங்கக்கூடிய பாதுகாப்பான வீட்டைத் தருவது வீட்டுக்காரரின் கடமை. அதனைக் கேட்பது சண்டையல்ல. மாதம் தவறாமல் வாடகை கட்டும் எவரும் கேட்கத்தக்கதே.