இரு விதியும் ஒரு சார்பும்

தமிழாசிரியருக்கு அட்சரகணிதத்தில் என்ன அலுவல் என்று பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். கணித ஆசிரியர் விடுமுறையில் நின்ற நாளொன்றில் அவ்வகுப்பைப் பார்க்கும் பொறுப்பு எம்மிடம் வந்தது. "இரண்டு சமன்பாடு இருந்தால் அஃது எப்படி ஐயா ஒரு சார்பாகும்?" என மாணவனொருவன் வினவினான். எமக்கு நினைவில் வந்தது நன்னூல்.

உயிரின்முன் உயிர் வரின் உடம்படுமெய் தோன்றும். நிலைமொழி ஈறு இ, ஈ, ஐ ஆயின் யகரம். ஏனைய உயிராயின் வகரம். மணி மணியடி ஆகும். பலா பலாவிலை ஆகும். ஈறு எதுவென முதலில் நோக்கி, அதற்குரிய விதியையே கையாளுகின்றோம். துண்டுகளாக வரையறுக்கப்பட்ட சார்பும் அத்தகையதே. ஆயினும், ஏகாரத்தின்முன் சேயடி, சேவடி என இரண்டும் வர இலக்கணம் இடந்தரும், கணிதம் தாராது. ஒரு பெறுமானத்துக்கு ஒரே விடைதான். ஆதலின் எல்லைப்புள்ளி எத்துண்டுக்கு உரியதென்பதைத் தெளிவாகக் கூறல் வேண்டும்.

மின்கட்டணத்தை எடுத்துக்கொள்வோம், தொகைகள் எம் கற்பனையே. 60 அலகுவரை அலகொன்றுக்கு 10 ரூபா; அதன்மேல் 20 ரூபா. மேலதிக அலகுகளுக்கு மட்டும் 20 ரூபா எனின், இரண்டாம் விதி "அலகின் இருபது மடங்கிலிருந்து 600 குறைவு" என்பதாம். 60 இல் இரு விதியும் 600 தரும். கோடு முறியாது, அதன் சாய்வு கூடும், அவ்வளவே. இதனை வரையும் மாணவர் இரண்டாம் கோட்டை இடப்பக்கம் முழுவதும் நீட்டிவிடுகின்றனர். அவ்வாறாயின் விளக்கேற்றாத வீட்டுக்கு 600 ரூபா கிடைக்கவேண்டும்!

60 ஐத் தாண்டியதும் எல்லா அலகுக்கும் 20 ரூபா எனின் நிலைமை வேறு. 60 இல் 600 என்னுமிடத்து நிரப்பிய வட்டம். அதற்கு நேர்மேலே 1200 இல் வெறும் வட்டம். வரைபு பாய்கின்றது. 61 அலகுக்கு 1220 ரூபா. அந்த ஓர் அலகின் விலை 620 ரூபா. முன்னைய முறையில் அது 20 ரூபாவே.

"மாதக் கடைசியில் அம்மா மீற்றரைப் பார்த்துவிட்டு விளக்கை அணைக்கச் சொல்லுவா ஐயா" என்றான் அவன். மறுநாள் வீட்டு மின்பட்டியலையும் கட்டண விபரத்தையும் கொணர்ந்தான். வரைதாளில் இருவருமாகக் குறித்துப் பார்த்தோம். கோடு 60 இல் பாய்ந்தே நின்றது; அன்னையின் கணக்குப் பிழையன்று.