அடுப்படிக்கு யார் கங்காணி?

தேத்தண்ணி ஆறுவதற்குள் ஒரு விஷயத்தைப் பார்த்துவிடுவோம். 2020 மார்ச் 20ஆம் திகதி இலங்கை முழுக்க ஊரடங்கு போட்டபோது, பலருடைய அலுவலகம் வீட்டுக்குள் வந்தது. 2022 ஜூனில் எரிபொருள் தட்டுப்பாடு. அரச ஊழியர்கள் பலரையும் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். மாத்தளையிலிருந்து கண்டிக்கு 25 கிலோமீற்றர் பஸ்ஸில் போய்வந்தவர்களுக்குப் பயண நேரம் மிச்சமானது.

கணவன் மனைவி இருவரும் வீட்டில் இருந்தால் வீட்டு வேலையும் தானாகப் பாதிப்பாதி ஆகிவிடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படி ஆவதில்லை. யார் கண்ணில் முதலில் படுகிறதோ, வேலை அவர் கைக்கே போய்விடுகிறது.

காஸ் சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். கடையிலிருந்து தூக்கி வந்து மாட்டுவது கணவர். எல்லோரும் பார்க்கிற வேலை அது. காஸ் இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்குப் பார்ப்பது யார்? அமெரிக்க சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 35 தம்பதிகளிடம் பேசி, 2019இல் வெளியிட்ட ஆய்வில் இந்த மனவேலையை நான்கு படிகளாகப் பிரித்தார்: தேவையை முன்கூட்டியே உணர்வது, வழி தேடுவது, முடிவெடுப்பது, சரியாக நடந்ததா என்று பார்ப்பது. முடிவெடுப்பதில் இருவரும் கிட்டத்தட்ட சமமாக இருந்தார்கள். முதல் படியும் கடைசிப் படியும்தான் பெரும்பாலும் மனைவியின் தலையில் இருந்தன.

தோட்டத்துக் கங்காணி கொழுந்து பறிப்பதில்லை. யார் எந்த நிரையில் நிற்பது, எங்கே பறிக்காமல் விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பதே அவர் வேலை. அதற்குச் சம்பளமும் உண்டு. வீட்டில் அதே வேலையைச் செய்கிறவர், கூடவே கொழுந்தும் பறிக்கிறார்.

அலுவலகத்துக்குப் போனால் அந்தக் கவனிப்புக்குக் கொஞ்சமாவது ஓய்வு கிடைக்கும். வீட்டில் அதுவும் இல்லை. ஜூம் கூட்டத்தில் ஒரு காது, குக்கர் விசிலில் மறு காது. பக்கத்து அறையில் இருப்பவருக்கும் அதே விசில் கேட்கிறது. ஆனால் எண்ணும் பொறுப்பு அவருடையதல்ல.

ஆகவே வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்காமல், முழுதாகக் கைமாற்ற வேண்டும். இரவுச் சாப்பாடு கணவருடையது என்றால், வீட்டில் தேங்காய் இருக்கிறதா என்று மாலையிலேயே பார்ப்பதும் அவருடையதுதான். "என்ன செய்யணும், சொல்லு" என்று கேட்டால் கங்காணி வேலை மனைவியிடமே தங்கிவிடும். இந்த வாரம் ஒரே ஒரு வேலையை இப்படி மாற்றிப் பார்ப்போம். தொடக்கத்தில் அவர் மறப்பார். ஒருநாள் சம்பல் இல்லாமல் பாண் சாப்பிட நேரும். நேரட்டும். ஞாபகப்படுத்தாமல் விட்டால்தான் கவனிக்கும் பழக்கம் அவருக்கும் வரும்.