வீட்டுத் துணியில் ஒரு மாவீரன்

நவம்பர் மாதம் நெருங்கும்போது எங்கள் குழந்தைகள் பிரிவின் புறநோயாளர் அறைக்கு, மருந்து, உணவு பற்றிய கேள்விகளோடு வேறொரு கேள்வியும் வந்து சேர்கிறது. குழந்தைகள் நாளன்று பள்ளியில் மாறுவேடப் போட்டி. பிள்ளை சூப்பர் ஹீரோவாக நிற்க ஆசைப்படுகிறான். மார்பில் சிகிச்சைக் குழாய் இருக்கிறதே, உடை அணியலாமா என்று தாயார் கேட்பார். அருகில் நிற்கும் தந்தையார், கடையில் தொங்கும் உடையின் விலையைத் தயக்கத்தோடு சொல்வார். மாதந்தோறும் பரிசோதனைக்கும் பயணத்துக்கும் செலவிடும் குடும்பத்துக்கு அந்த விலை சிறியதன்று.

இரண்டு கேள்விகளுக்கும் எங்கள் விடை இதுவே: உடை அணியலாம், அதை வாங்க வேண்டியதில்லை. வீட்டிலேயே, இருநூறு ரூபாய்க்குள், சிகிச்சைக்கு இடையூறு இல்லாத வகையில் அதைத் தைத்துவிட முடியும். சொல்லப்போனால், நோயுற்ற குழந்தைக்குக் கடை உடையைவிட வீட்டு உடையே பொருத்தமானது. அதற்கான காரணங்களையும் செய்முறையையும் இங்கே தருகிறோம்.

கதை வீரர்களின் உடையும் கையால் தைத்ததே

வீட்டில் தைத்த உடை மட்டமானது என்று பிள்ளை நினைத்தால், கதைகளையே சான்றாகக் காட்டலாம். 1962-இல் வெளிவந்த முதற்கதையிலேயே ஸ்பைடர்மேன் தன் உடையைத் தானே உருவாக்கிக்கொள்ளும் ஏழை மாணவன். சூப்பர்மேனின் உடை, அவன் குழந்தையாக வந்து சேர்ந்தபோது உடன் இருந்த போர்வைகளைக் கொண்டு வளர்ப்புத் தாய் செய்து கொடுத்தது என்று பழைய கதைகள் கூறும். 2021-இல் வெளிவந்து தமிழிலும் பலர் பார்த்த ‘மின்னல் முரளி’ திரைப்படத்தின் நாயகன் ஒரு சிற்றூர்த் தையற்காரன்.

வீரன் அயல்நாட்டவனாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் நீரில் மூழ்கியதை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். அந்நாள்களில் படகுகளோடு சென்னைக்குள் வந்து மக்களை மீட்ட மீனவர்களைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். நீலச் சட்டையும் அட்டையில் வெட்டிய துடுப்பும் போதும். அவனும் ஒரு மாவீரனே.

உடை என்ன செய்யும்?

உடை நோயைக் குணப்படுத்தாது. ஆனால், சலிப்பும் அச்சமும் மிகுந்த நேரத்தைக் கடக்க அது துணை செய்யக்கூடும். நான்கு வயதும் ஆறு வயதும் ஆன 180 குழந்தைகளிடம் அமெரிக்க ஆய்வாளர்கள் நடத்திய ஓர் ஆய்வு 2017-இல் வெளியானது. சலிப்பூட்டும் ஒரு வேலையைப் பத்து நிமிடம் செய்யுமாறு குழந்தைகளிடம் கூறி, பக்கத்திலேயே விளையாட்டுக் கருவி ஒன்றையும் வைத்தார்கள். தம்மை பேட்மேன் போன்ற ஒரு பாத்திரமாகவே எண்ணிக்கொண்ட குழந்தைகள் மற்றவர்களைவிட நீண்ட நேரம் வேலையில் நிலைத்திருந்தார்கள். கட்டு மாற்றும்போது, “நீ எப்படி இருக்கிறாய்?” என்பதற்குப் பதிலாக, “வீரன் இப்போது எப்படி மூச்சு விடுவான்?” என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து எண்ணும் வரை அவன் மெதுவாக மூச்சு விடக்கூடும்.

மருத்துவமனைகளும் இதை அறிந்தே செயற்பட்டிருக்கின்றன. பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரிலுள்ள ஏ.சி. கமார்கோ புற்றுநோய் மருத்துவமனை, 2013-இல் கீமோதெரபி மருந்துப் பைகளுக்குச் சூப்பர் ஹீரோ சின்னம் பொறித்த உறைகளை அணிவித்து, மருந்தை வீரர்களின் சக்தி மருந்தாகக் குழந்தைகளுக்கு அறிமுகம் செய்தது. அதே ஆண்டு நவம்பர் 15 அன்று, இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்திருந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் ‘பேட்கிட்’டாக சான் பிரான்சிஸ்கோ நகரை வலம் வர, ஆயிரக்கணக்கான மக்கள் தெருவில் நின்று வாழ்த்தினார்கள். நமக்கு ஒரு நகரம் திரள வேண்டியதில்லை. வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தால் போதும்.

துணி தேடும் இடங்கள்

முதலில் வீட்டு அலமாரியைத் திறவுங்கள். தாயாரின் பழைய பருத்தித் துப்பட்டா, தந்தையாரின் வெளுத்த லுங்கி, சிறியதாகிப்போன டி-சட்டை, ஒற்றையாகிவிட்ட காலுறை ஆகிய அனைத்தும் பயன்படும். அடுத்து, தெருமுனைத் தையற்கடையில் கேட்டால் வெட்டி மீந்த துண்டுத் துணிகளைப் பெரும்பாலும் விலையின்றியே தருவார்கள். வெல்க்ரோ, எலாஸ்டிக், நூல், ஃபோம் ஷீட் ஆகியவற்றை மட்டுமே வாங்க வேண்டியிருக்கும். தாம்பரம் மேற்கில் சண்முகம் சாலைப் பக்கத்துக் கடைகளில் இவை கிடைக்கும். வெள்ளிக்கிழமைகளில் கூடும் பல்லாவரம் சந்தையில் பழைய பொருள்கள் மலிவாகக் கிடைக்கும். எனினும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தையை அந்தக் கூட்டத்துக்குள் அழைத்துச் செல்லாதீர்கள். அங்கு வாங்கிய துணியைச் சோப்பிட்டு வெந்நீரில் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்திய பிறகே வெட்டத் தொடங்குங்கள்.

பளபளக்கும் பாலியெஸ்டரைவிடப் பருத்தியே நம் ஊர் வெப்பத்துக்கு ஏற்றது. சிகிச்சையில் இருக்கும் குழந்தையின் தோல் எளிதில் வேர்க்குருவும் சிராய்ப்பும் காணும். துணி உள்ளங்கையில் எப்படிப் படுகிறதோ அதைவிடக் கடுமையாக அத்தோலில் படும் என்று கொள்ளுங்கள்.

செய்முறை

*கேப்:* பிள்ளைகள் கேப் என்று சொல்லும் முதுகுப் போர்வையே முதன்மையானது. தோளிலிருந்து முழங்காலின் பின்புறம் வரை அளந்து கொள்ளுங்கள். அதற்குக் கீழே நீண்டால் கால் தடுக்கும். மேற்புறம் தோளின் அகலமும் கீழ்ப்புறம் அதைப்போல் இருமடங்கும் இருக்குமாறு, நான்கு பக்கமும் இரண்டு செ.மீ. கூட்டி வெட்டுங்கள். ஓரங்களை மடித்துத் தையுங்கள். சட்டையின் இரு தோள்களிலும் கேப்பின் இரு முனைகளிலும் மூன்று செ.மீ. வெல்க்ரோ துண்டுகளைத் தைத்தால் போதும். கழுத்தைச் சுற்றிக் கயிறோ நாடாவோ வேண்டவே வேண்டாம். கதவிலோ சறுக்கு மரத்திலோ கேப் சிக்கினால் வெல்க்ரோ பிரிந்துவிடும். முடிச்சு பிரியாது, கழுத்தை இறுக்கும். ஒரு துப்பட்டாவில் பெரும்பாலும் இரண்டு கேப்கள் வெட்டலாம். இரண்டாவதை வீட்டில் காத்திருக்கும் அண்ணனுக்கோ தங்கைக்கோ கொடுங்கள். பல மாதங்களாகப் பெற்றோரின் கவனத்தை விட்டுக்கொடுத்திருக்கும் அக்குழந்தையும் வீரனே.

*மார்புச் சின்னம்:* ஃபோம் ஷீட்டிலோ துண்டுத் துணியிலோ பிள்ளையின் பெயரின் முதல் தமிழெழுத்தை வெட்டி, வெல்க்ரோவால் ஒட்டுங்கள். மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைக்கும்போது அதைக் கழற்றிவிடலாம்.

*தொப்பி:* முடி உதிர்ந்த தலைக்கு முகமூடியைவிடத் தொப்பியே இதம். பழைய டி-சட்டையின் கீழ்ப்பகுதியைத் தலையின் சுற்றளவுக்கு வெட்டி, மேற்புறத்தைச் சேர்த்துத் தைத்து, தையல் வெளிப்புறம் இருக்குமாறு விட்டுவிடுங்கள். உள்ளே தையல் உறுத்தாது. இரண்டு முக்கோணங்களைச் சேர்த்தால் பேட்மேனின் காதுகள்.

*கைப்பட்டை:* காலுறையின் மேற்பகுதியை வெட்டினால் கைப்பட்டை தயார்.

பிள்ளையால் ஊசி பிடிக்க இயலாவிட்டாலும் நிறத்தையும் எழுத்தையும் அவனே தேர்ந்தெடுக்கட்டும். எந்த மருந்து, எந்த நாள், எந்தக் கை என்று அனைத்தையும் பிறரே முடிவு செய்யும் வாழ்வில், தானே முடிவு செய்யும் ஒன்று இருப்பது சிறிய செய்தியன்று.

சிகிச்சைக்கேற்ற மாற்றங்கள்

கடை உடை பெரும்பாலும் கழுத்து முதல் கால் வரை ஒரே துண்டாக, முதுகில் திறப்போடு வரும். மார்பில் போர்ட் அல்லது குழாய் உள்ள குழந்தைக்கு அது உதவாது. மேலும் கீழும் தனித்தனியாகத் தைத்து, மேற்சட்டையை முன்புறம் திறக்குமாறு அமையுங்கள். குழாயின் மீது இறுக்கமான பட்டையோ பெல்ட்டோ அமையக் கூடாது. கையில் வென்ஃப்ளான் இருந்தால் அக்கையில் கைப்பட்டை வேண்டாம். வீக்கமோ சிவப்போ தோன்றினால் உடனே கண்ணில் பட வேண்டும்.

ஸ்டீராய்டு மருந்து எடுக்கும் குழந்தையின் முகமும் வயிறும் சில வாரங்களிலேயே பருக்கக்கூடும். போன மாத அளவில் தைத்த உடை நுழையாமற்போனால் பிள்ளையின் மனம் வாடும். ஆகவே அணியும் வாரத்திலேயே அளவெடுங்கள். இடுப்பில் எலாஸ்டிக் வையுங்கள். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கும், மூக்கு வழி உணவுக்குழாயோ ஆக்சிஜனோ பெறும் குழந்தைக்கும் முகமூடி கூடாது.

எம்.ஆர்.ஐ. அறைக்கு இந்த உடையோடு வர இயலாது. சரிகை, ஊக்கு, உலோகப் பொத்தான் ஆகியவை அங்கே ஆபத்தானவை. சரிகை நூல் சூடேறித் தோலைச் சுடவும் கூடும். எக்ஸ்ரேயிலோ இவை நிழலாக விழுந்து படத்தைக் குழப்பும்.

தவிர்க்க வேண்டியவை

மின்னும் விளக்குகளுக்கான பொத்தான் பேட்டரியை எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். விழுங்கப்பட்டு உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அது கடும் புண்ணை உண்டாக்கும். விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே, நேரத்தைப் போக்காமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். கீமோதெரபி பெறும் குழந்தைக்கு முகச்சாயமும் உதிரும் ஜிகினாத் தூளும் வேண்டாம். தீபாவளியும் இந்தப் பருவத்திலேயே வருவதால், பட்டாசுக்கும் அகல் விளக்குக்கும் அருகில் கேப் அணிந்த பிள்ளை செல்லலாகாது.

உடை அணிவிக்கும்போதே, “இது பறக்க வைக்காது” என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஸ்பைடர்மேனாகவும் சூப்பர்மேனாகவும் தம்மை எண்ணிக் காயமுற்ற ஐந்து குழந்தைகளைப் பற்றி 2007-இல் பிரித்தானிய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்த அச்சம் நமக்கும் புதிதன்று. 1972 முதல் முத்து காமிக்ஸ் தமிழ்ச் சிறுவர்களுக்கு அறிமுகம் செய்த இரும்புக்கை மாயாவி மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோவான். அக்கதையைச் சொல்லும் தாத்தாக்கள், மின் இணைப்பைத் தொடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லட்டும்.

வீரனும் அழலாம்

ஒரு செய்தியை அழுத்தமாகக் கூற விரும்புகிறோம். உடை அணிந்த பிள்ளையிடம், “நீ வீரன், அழக் கூடாது” என்று சொல்லாதீர்கள். வலித்தால் அழுவதும், வலியைச் சொல்வதும் எங்களுக்குத் தேவையான செய்திகள். வீரன் என்பதற்காக வயிற்று வலியை மறைத்த குழந்தைக்குச் சிகிச்சை தாமதமாகும். அதுபோலவே, “நோயோடு போரிட்டு வெல்” என்ற பேச்சையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். சில நோய்கள் திரும்ப வரும். சில சிகிச்சைகள் பலன் தராமற்போகும். அப்போது தான் சரியாகப் போரிடவில்லை என்று ஒரு குழந்தை நினைக்கலாகாது. நோயின் போக்கு பிள்ளையின் துணிவைப் பொறுத்ததன்று. உடை ஒரு விளையாட்டு. பரீட்சை ஆகிவிட வேண்டாம். போட்டியன்று களைப்பாக இருக்கிறது, அணிய மாட்டேன் என்றால் மடித்து வையுங்கள். இன்னொரு நாள் அணியலாம்.

பள்ளி விழாவுக்கு முன் ஒருமுறை எங்களிடம் வாருங்கள். இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்து, கூட்டத்தில் கலந்துகொள்ளலாமா என்று சொல்கிறோம். தைத்த உடையையும் எடுத்து வந்து செவிலியரிடம் காட்டுங்கள். குழாய் எங்கே அழுந்துகிறது என்பதை அவர் ஒரு பார்வையில் கண்டுகொள்வார். விழா நாளில் உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், கீமோதெரபி பெறும் குழந்தையை அந்நேரமே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். உடை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். கேப் அணிந்தபடியே வரலாம்.